திருகோணமலைக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஏசி அறையின் சுவரைக் கவனியுங்கள்

விசா வேலையைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். சிம் கார்டு வாங்கப் பாஸ்போர்ட்டோடு போங்கள். வீட்டு அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள். இதெல்லாம் நம் ஊர் மாதிரிதான், சரி. நான் சொல்ல வந்தது வேறு.

கோயம்புத்தூர், சேலம் பக்கம் வளர்ந்த நமக்குக் கடற்கரைக் காற்றின் ஈரம் பழக்கமில்லை. உப்புவெளியில் வீடு எடுத்த நாளிலிருந்து ஏசியை 18-இல் வைத்து விடிய விடிய ஓடவிட்டேன். பக்கத்து அறையில் ஏசி கிடையாது, ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். அந்த அறையில், நடுச்சுவரை ஒட்டி இரும்பு பீரோ. அதன் அடித்தட்டில் என் சர்டிபிகேட்டுகள்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒருநாள் எடுத்துப் பார்த்தால், பிளாஸ்டிக் உறைக்குள் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். முத்திரையின் ஊதா மை கையெழுத்தின் மேல் பரவிக் கிடந்தது. ஒட்டிப்போன இரண்டு மார்க் ஷீட்டுகளைப் பிரித்தபோது ஒன்றின் எழுத்து மற்றதோடு உரிந்து வந்தது. அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்த படிப்பு. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்க ஈரம், கரும்பூஞ்சை. குழாய் கசிகிறது என்று வீட்டுக்கார அக்காவிடம் சத்தம் போட்டுவிட்டேன். அவர் பதில் பேசாமல் மேசனை அழைத்து வந்தார். கொத்தனாரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். "பொறுங்கோ தம்பி, ரெண்டு நாளில தெரியும்" என்றார். பாலிதீனின் வெளிப்பக்கம்தான் நனைந்தது. சுவரை ஒட்டிய பக்கம் காய்ந்தே இருந்தது. குழாயில் குறையே இல்லை, தண்ணீர் காற்றிலிருந்து வந்திருக்கிறது.

ஐஸ் போட்ட மோர்ச் சொம்பு வெளியே வியர்க்குமே, அதேதான். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். ஈரப்பதம் 80 சதவீதம் உள்ள 30 டிகிரிக் காற்று, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேல் பட்டாலும் துளியாகப் படியும். ஏசி அறையின் சுவர் மறுபக்கமும் குளிர்கிறது; பீரோ மறைத்த இடத்தில் காற்றோட்டம் இல்லாததால் இன்னும் கூடுதலாகக் குளிர்கிறது.

அதனால் ஏசியை 26, 27-இல் வையுங்கள், கரண்ட் பில்லும் குறையும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளிப் போடுங்கள். ஏசியை நிறுத்திய கையோடு ஜன்னலைத் திறக்காதீர்கள், டைல்ஸ் தரை வியர்த்து வழுக்கும். குளிர்ந்த அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுபோனால் அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். அசல் சர்டிபிகேட்டுகளைத் தயவுசெய்து ஊரில் அம்மாவிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

அக்காவிடம் மறுநாளே மன்னிப்புக் கேட்டேன். மிஞ்சிய தாள்களை அவர்தான் வெள்ளைத் துணிக்கு நடுவே விரித்து, மின்விசிறிக்குக் கீழே வைத்துக் காயவைத்துத் தந்தார். பல்கலைக்கழகத்துக்கு நகல் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.