‘ப்ரா’வும் ‘ப்ராவோ’வும்: ஒரே சொல்லில் பலர் செய்யும் தவறுகள்

ஸ்டாக்ஹோமில் ஒருவரிடம் நலம் விசாரித்தால், ‘ப்ரா’ என்று பதில் வரும். நன்றாக இருக்கிறேன் என்று பொருள். நார்வேயில் விடைபெறும்போது ‘ஹா தே ப்ரா’ என்பார்கள். புதிதாகப் போகிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் உள்ளாடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது ‘ப்ராஸியேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலத்தில் நறுக்கியதால் வந்தது. ஸ்வீடன்காரர்கள் அந்த உள்ளாடையை ‘பேஹோ’ என்கிறார்கள்.

இந்த ஸ்வீடிஷ் ப்ராவின் உண்மையான உறவுக்காரர், நாம் கைதட்டும்போது சொல்கிற ‘ப்ராவோ’. ஸ்வீடிஷ் பக்கமும் இத்தாலியப் பக்கமும் ஒரே சொல் இருப்பதைப் பார்த்து, ஆதி மொழியிலிருந்து இரு மொழிக் குடும்பங்களுக்கும் வந்த பொதுச்சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. இது கடன் சொல். இத்தாலிய ப்ராவோ பிரெஞ்சுக்குப் போய் ‘ப்ராவ்’ ஆனது. ஜெர்மன் வழியாக வடக்கே ஏறியபோது வால் உதிர்ந்து ‘ப்ரா’ என்று நின்றது. வழியில் ஜெர்மனில் தங்கிய ‘ப்ராஃப்’, இன்று சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையைக் குறிக்கிறது.

அதற்கும் முந்தைய மூலம் எது என்பதில் முடிந்த முடிவு கிடையாது. லத்தீன் ‘பர்பருஸ்’, அதாவது நாகரிகமற்றவன், காட்டான் என்ற சொல்லைத்தான் பலர் காட்டுகிறார்கள். கோணலானது, கெட்டது என்று பொருள்படும் ‘ப்ராவுஸ்’ஸும் அதில் கலந்திருக்கலாம் என்பார்கள். ‘வீரன்’ என்பதுதான் ஆதிப் பொருள் என்று அடித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

காட்டுத்தனம் இன்னும் உயிரோடு இருப்பது ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும். இத்தாலியப் பழக்கத்தில் இங்கே வாயைத் திறந்தால்தான் வம்பு. லத்தீன் அமெரிக்காவில் ஒரு வீட்டுக் கதவில் ‘பெர்ரோ ப்ராவோ’ என்று எழுதியிருந்தால், சமர்த்து நாய் என்று தடவிக்கொடுக்கப் போகாதீர்கள்; கடிக்கும். ஸ்பெயினில் ‘தோரோ ப்ராவோ’ என்பது சண்டைக்கென்றே வளர்க்கும் முரட்டுக் காளை. ‘பதாதாஸ் ப்ராவாஸ்’ என்றால் காரசாரமான சாஸ் ஊற்றிய உருளைக்கிழங்கு. ஸ்பெயினின் கட்டலோனியாவில் வடகிழக்குக் கடலோரத்துக்குக் ‘கோஸ்டா ப்ராவா’ என்ற பெயரை 1908இல் ஃபெர்ரான் அகுல்யோ பத்திரிகையில் எழுதிப் பரப்பினார். அதை ‘வீரக் கடற்கரை’ என்று எழுதிவிடாதீர்கள். பாறையும் செங்குத்துச் சரிவுமான கரடுமுரடான கரை அது. பிரேசிலில் ஒருவர் ப்ராவோவாக இருக்கிறார் என்றால் கோபமாக இருக்கிறார், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இத்தாலியில் கதை வேறு. ப்ராவோ என்றால் கெட்டிக்காரன், நல்ல பிள்ளை. (17ஆம் நூற்றாண்டு லொம்பார்டியில் பிரபுக்கள் வைத்திருந்த கூலி அடியாட்களுக்கும் ‘ப்ராவி’ என்றுதான் பெயர்!) இசைமேடையில் பாடகியைப் பார்த்து ‘ப்ராவோ’ என்று கத்துவது உலகம் முழுக்க நடக்கிறது, இத்தாலியர் காதுக்கு அது ஆணைப் பாராட்டுவது. பாடகிக்கு ‘ப்ராவா’, குழுவாக நின்றால் ‘ப்ராவி’, பெண்கள் மட்டும் என்றால் ‘ப்ராவே’.

பிரெஞ்சில் இடம் மாறினால் பொருள் மாறும். மனிதன் என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ப்ராவ்’ வந்தால் துணிச்சல்காரன். முன்னால் வந்தால் நல்ல மனுஷன், அவ்வளவுதான். சில சமயம் ‘பாவம், அப்பாவி’ என்ற லேசான இளக்காரமும் தொனிக்கும். மேலதிகாரியைப் புகழும்போது கவனம்.

சரி, வடக்கே திரும்புவோம். ஸ்வீடிஷ் ப்ரா, பால் எண் பார்த்து உருமாறாது. கற்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் டென்மார்க்கில் அன்றாடப் பேச்சில் அது ஓடாது. அங்கே இருப்பது ‘நேர்மையான’ என்ற பொருளில் கொஞ்சம் பழைய வாடை வீசும் ‘ப்ராவ்’. ஸ்வீடனிலும் எல்லாவற்றுக்கும் அதை நீட்டக் கூடாது. புத்தகம் ப்ரா, உடம்பு ப்ரா. விருந்து வைத்த வீட்டில் மட்டும் ‘கூத்’ என்ற சொல்லைத் தேடிப் பிடியுங்கள், ருசிக்கு அதுதான். சாப்பாட்டை வெறும் ப்ரா என்றால், சத்தானது என்று சொன்னதாகவே சமைத்தவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.