டிரைசூட்டுக்குள் பனியன் வேண்டாம்

மன்னார் வளைகுடாவில் முங்கிப் பழகிய உடம்புக்குக் கடல் குளிரும் என்பதே தெரியாது. தண்ணீர் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி. சங்கு எடுப்பவர் அரைக்கால் சட்டையும் பழைய டீ-சர்ட்டுமாக இறங்கிவிடுவார். இங்கே அது போதும். ஆனால் கீழக்கரை, மண்டபம் பையன்கள் குளிர்கடல் டைவிங் படிக்க வெளிநாடு கிளம்பும்போது பெட்டியில் அடுக்குவதைப் பார்த்தால் பதறுகிறது.

பருத்தி

டிரைசூட் என்பது குளிர்கடலில் போடும் நீர் புகாத முழு உடுப்பு. அது தண்ணீரை வெளியே நிறுத்தும், அவ்வளவுதான். மெல்லிய மெம்ப்ரேன் (படலத் துணி) வகையாக இருந்தால் அதனால் வெப்பம் பெரிதாக நிற்காது. நம்மைக் காப்பது உள்ளே துணி இழைகளுக்கிடையில் அடைபட்ட காற்று. அந்த இடத்தை ஈரம் பிடித்துக்கொண்டால் ஆபத்து, ஏனென்றால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

ஈரம் கடலிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. ஜிப்பை இழுத்து மூடி, டேங்கைத் தூக்கிக்கொண்டு படகு வரை நடந்தாலே வேர்த்துவிடும். பருத்தி அந்த வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. நம் ஊர்ப் பையன் ஒருவன் ஆறேழு டிகிரித் தண்ணீரில் இப்படித்தான் இறங்கினான். மேலே விலை உயர்ந்த ஃப்ளீஸ் (பொசுபொசுவென்ற செயற்கைத் துணி), அடியில் வழக்கமான கைவைத்த பனியன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்து, சூட்டுக்குள் காற்று விடும் பட்டனை அழுத்த முடியாமல், கூட வந்தவர் பிடித்து மேலேற்றினார். அன்றைய டைவுக்குக் கட்டிய பணமும் போச்சு. அடுத்த பருவத்தில் கிளம்பியவனும் அதே பனியனை எடுத்து வைக்கிறான். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஊட்டி, மணாலி போகிறவர்களுக்கு ஜவுளிக்கடையில் விற்கும் 'தெர்மல்' பலவற்றிலும் பருத்தி கலந்திருக்கும். கடைக்காரர் சொல்வதை விடுங்கள், உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், அதற்கு மேல் ஃப்ளீஸ். சந்தேகமா? துணியை நனைத்துப் பிழிந்து முன்கையில் சுற்றி ஃபேன் முன் நில்லுங்கள். எது சில்லென்று ஒட்டிக்கொண்டே இருக்கிறதோ அது வேண்டாம்.

நம் கடலில் பழகும்போது

மெல்லிய ஒரே அடுக்கு போதும். படகு தயாரான பிறகு ஜிப்பை மூடுங்கள்.

இறுக்கம்

அடுக்கு மேல் அடுக்காகத் திணித்தால் காற்றுக்கு இடமிருக்காது. எல்லாம் போட்டுக்கொண்டு குந்திப் பாருங்கள். கையைப் பின்னால் கொண்டுபோய் டேங்க் வால்வைத் தொடுங்கள். தொட முடியாவிட்டால் ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டு சாக்ஸ் போட்டுக் கால்விரல் நெரிந்தாலும் அப்படித்தான்.

மணிக்கட்டு

மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கும் சீலுக்கு அடியில் ஒரு நூல் மாட்டினாலும் தண்ணீர் உள்ளே வரும்.

ஈயம்

தடித்த உடுப்பு கூடுதல் காற்றைப் பிடிக்கும், ஆளை மிதக்க வைக்கும். உள்ளே துணி மாறினால், அமிழ்வதற்காகக் கட்டும் ஈய எடையின் பழைய கணக்கை நம்பாதீர்கள். கரையோரம், டேங்கில் காற்று குறைந்திருக்கும்போது சோதித்து, அப்புறம் ஆழத்துக்குப் போங்கள்.