கிளம்பியாச்சா, வந்தாச்சா? சூரியப் புயல் செய்தியை நாலு பேருக்குச் சொல்வது எப்படி

"புயல் எங்கடா கரையைக் கடக்குது?" என்று அத்தை போனில் கேட்டார். முந்தைய நாள் நான் எல்லாருக்கும் அனுப்பிய செய்தி இது: "சக்திவாய்ந்த சூரியப் புயல் நாளை பூமியைத் தாக்குகிறது. வானம் சிவக்கலாம்." அதைப் படித்துவிட்டு அத்தை குடங்களில் தண்ணீர் பிடித்து, ஜன்னல்களைச் சாத்தி, டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். புயல் என்றால் நமக்குக் காற்று, மழை, கரை. நான் சொன்ன புயலோ பூமியைத் தொடாமல் பக்கவாட்டில் போயே போய்விட்டது.

புயல் என்ற சொல்லை அதற்குப் பிறகும் நான் விடவில்லை. வேறு சொல் வைத்தால் யாருக்கும் பிடிபடாது. ஆனால் முதல் வரியிலேயே "காந்தப் புயல், காற்றோ மழையோ இல்லை" என்று ஐந்து சொல் சேர்த்துவிடுகிறேன். பத்து வருடமாக ஒரு முன்னூறு பேருக்கு இந்தச் செய்திகளை எழுதி அனுப்புகிறேன். அவர்களில் இயற்பியல் படித்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பாடம். அந்தப் பாடத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

செய்தி கையில் கிடைத்ததும் "எவ்வளவு பெரிசு?" என்று கேட்கத்தான் மனம் துடிக்கும். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, "இப்போ எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் என்ன விசாரிப்போம்? கிளம்பியாச்சா, வழியில் இருக்காங்களா, தெருமுனைக்கு வந்தாச்சா. சூரியச் செய்திக்கும் இந்த மூன்று நிலைதான். எந்த நிலை என்று தெரியாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

முதல் நிலை, சூரியனில் வெடிப்பு. ஃபிளேர் என்பது இதுதான். இது ஒளி, எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் சேர்ந்த ஒளி. 15 கோடி கிலோமீட்டரை 8 நிமிடம் 20 விநாடியில் தாண்டிவிடும். கருவிகள் அதைப் பார்க்கும் கணமும் அது நம்மை வந்தடையும் கணமும் ஒன்றே. ஆகவே "எக்ஸ் வகை வெடிப்பு பூமியை நோக்கி வருகிறது" என்று எங்கே படித்தாலும் அந்த வரியை அடித்துவிடுங்கள். வர வேண்டியது வந்துபோய்விட்டது. அந்த நேரத்தில் பகலாக இருந்த பாதி உலகத்தில் கப்பல்களும் விமானங்களும் பயன்படுத்தும் சிற்றலை வானொலி கொஞ்ச நேரம் மங்கியிருக்கும். ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வெடிப்புகளுக்கு ஐந்து வகுப்பு. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் 10 மடங்கு. இதைப் பலர் பூகம்ப அளவுபோல நினைத்து, எக்ஸ் என்றாலே பூமிக்குப் பேரிடி என்று எழுதுகிறார்கள். நான் செய்ததும் அந்தத் தப்புத்தான். அன்றைக்கு வெடித்தது எக்ஸ் வகை, உண்மை. ஆனால் வெடித்த இடம் சூரியனின் விளிம்பு. அங்கிருந்து கிளம்பிய மேகத்துக்கு நம் பக்கம் வர வேலையே இல்லை.

மேகம் என்றேனே, அதுதான் இரண்டாம் நிலை. வெடிப்போடு சேர்ந்தோ தனியாகவோ சூரியன் சில நேரம் காந்தப்புலம் பின்னிய பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் கொண்ட சூடான வாயுவை, கோடிக்கணக்கான டன் கணக்கில் உமிழும். சி.எம்.இ. என்பார்கள், நான் "பிளாஸ்மா மேகம்" என்று எழுதுகிறேன். இது ஒளி வேகத்தில் வருவதில்லை. மிக வேகமானவை 15 முதல் 18 மணி நேரத்தில் வந்துவிடும். சாதாரணமானவைக்கு இரண்டு, மூன்று, நான்கு நாள் ஆகும். 1859 செப்டம்பர் 1 அன்று ரிச்சர்ட் கேரிங்டன் கண்ணால் பார்த்த வெடிப்பின் மேகம் சுமார் 17 மணி நேரத்தில் பூமியை அடைந்தது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. 1995-இல் ஏவப்பட்ட சோஹோ போன்ற விண்கலங்கள் சூரிய வட்டை ஒரு தட்டால் மறைத்துப் படம் எடுக்கின்றன. அந்தப் படத்தில் மேகம் ஒரு பக்கமாக வீசினால் நமக்குச் சம்பந்தமில்லை. தட்டைச் சுற்றி வளையம்போல விரிந்தால் நம்மை நோக்கியோ நேர் எதிர்த் திசையிலோ போகிறது என்று பொருள். எந்தத் திசை என்பதை, வெடித்த இடம் நம் பக்கத்து வட்டில் தெரிந்ததா என்று பார்த்து முடிவு செய்வார்கள்.

இங்கேதான் பொறுமை தேவை. மேகம் எப்போது வரும் என்று கணினி மாதிரிகள் சொல்லும் நேரம் பத்து மணி நேரம் முன்னே பின்னே ஆவது சகஜம். அதனால் "நாளை இரவு 9 மணிக்கு" என்று எழுதுபவரை நம்பாதீர்கள். "நாளை மதியத்திலிருந்து நள்ளிரவுக்குள், ஒருவேளை அதற்கும் பிறகு" என்று எழுதுங்கள். இந்தக் கணிப்புகள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் வரும். தேதியே மாறிப்போகும் என்பதால், உங்கள் வாசகர்களின் கடிகாரத்துக்கு மாற்றிவிட்டு ஒருமுறை விரல்விட்டும் எண்ணிப் பாருங்கள். நான் இரண்டு தடவை ஒரு நாள் தப்பாக அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாம் நிலை, தெருமுனை. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டரில் எல் 1 என்ற புள்ளி இருக்கிறது. ஏஸ் போன்ற விண்கலங்கள் அங்கே காவல் நிற்கின்றன; 2024 ஜனவரி முதல் ஆதித்யா எல் 1-ம் அங்கே இருக்கிறது. மேகம் அவற்றின் மேல் மோதிய பிறகு நமக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் முடிவு செய்யும் ஒரு விஷயம் அப்போதுதான் தெரியவரும். மேகம் சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் காந்தக் கதவு திறந்துகொள்ளும்; அப்போது பூமியின் காந்தப்புலம் குலுங்குவதுதான் காந்தப் புயல். வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பாலும் சாத்தியே இருக்கும். விருந்தாளி வாசலுக்கு வந்தபிறகுதான் அவர் கையில் பழக்கூடையா கம்பா என்று தெரிகிறது. இதை உங்கள் வாசகர்களுக்கு ஒரே ஒருமுறை நன்றாகச் சொல்லி வைத்துவிட்டால், கணிப்பு பொய்க்கும்போது திட்டமாட்டார்கள். திட்டு குறைந்தது என் அனுபவம்.

இப்போது அளவுக்கு வருவோம். காந்தப் புயல்களுக்கு ஜி 1 முதல் ஜி 5 வரை ஒரு அளவுகோல் உண்டு; அமெரிக்காவின் விண்வெளி வானிலைக் கணிப்பு மையம் வெளியிடுவது. 11 ஆண்டு நீளமான ஒரு சூரியச் சுழற்சியில் ஜி 1 சுமார் 900 நாட்கள் வருகிறது. ஜி 5 ஏறக்குறைய 4 நாள். இந்த இரண்டு எண்ணைக் கைவசம் வைத்துக்கொண்டால் "அபூர்வம்", "வரலாறு காணாத" போன்ற சொற்களை எங்கே வைப்பது என்று தானாகத் தெரியும். ஜி 1 வரும் ஒவ்வொரு நாளும் செய்தி அனுப்பினால் ஜி 5 அன்று யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். 2024 மே 10 அன்று ஜி 5 தொட்டபோது, 2003 அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை என்று எழுத முடிந்தது. அந்த ஒரு வரிக்கு எந்த அடைமொழியும் தேவைப்படவில்லை. சொல்லப்போனால் அன்றைக்கு அதிகாரபூர்வக் கணிப்பே ஜி 4 வரைதான். இன்னும் கூடும் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை.

சிறிய புயல் என்றால் யாருக்கும் சேதமில்லை என்றும் எழுதிவிடாதீர்கள். 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 49-ஐ ஏவி, சுமார் 210 கிலோமீட்டர் உயரத்தில் விட்டார்கள். அடுத்த நாள் வந்தது சின்னப் புயல்தான். அதில் மேல்வளிமண்டலம் சூடாகி உப்பியது. அந்தத் தாழ்ந்த உயரத்தில் காற்றின் இழுவை கூடி, பெரும்பாலானவை விழுந்து எரிந்துபோயின. யாருக்குச் சிறியது, யாருக்குப் பெரியது என்று கேட்டு எழுத வேண்டும்.

"எனக்கு என்ன ஆகும்?" அத்தையின் கேள்வியும் உண்மையில் இதுதான். இதற்கு விடை இல்லாத செய்தியை அனுப்பாமலிருப்பதே நல்லது. தரையில் இருப்பவர் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, காற்றுமண்டலம் தடுத்துவிடும். கைபேசியை அணைக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்க வேண்டாம். ஜி.பி.எஸ். கொஞ்சம் தடுமாறலாம். 2024 மே மாதப் புயலில், விதைப்புக் காலத்தில், அமெரிக்க விவசாயிகள் சிலர் ஜி.பி.எஸ். வழிகாட்டலில் ஓடும் டிராக்டர்களை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. மின்வலைக்கு ஆபத்து உண்டு, அதற்குச் சாட்சியும் உண்டு. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. வலை முழுவதும் சரிய ஒன்றரை நிமிடம்தான் ஆனது. ஆனால் அங்கே கவனிக்க வேண்டியவர் மின்நிலையத்தில் இருப்பவர். வீட்டில் இருப்பவருக்கு அதில் செய்ய வேலையில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "மின்சாரம் துண்டிக்கப்படும் அபாயம்" என்று மட்டும் எழுதினால் குடத்தில் தண்ணீர் பிடிக்கத்தான் செய்வார்கள்.

காந்தப் புயலால் இரவு வானில் தெரியும் வண்ண ஒளி, அதாவது துருவ ஒளி (அரோரா), பற்றி எழுதும்போது இன்னும் நிதானமாக இருங்கள். ஏமாற்றம் அதிகம் விளையும் இடம் அது. முதலில், படத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கேமரா பல விநாடி திறந்திருந்து ஒளியைச் சேர்க்கிறது. இருட்டில் நம் கண் நிறத்தைப் பிரிப்பதில் சோம்பேறி. மங்கலான ஒளி பலருக்குச் சாம்பல் நிற மேகம்போலத்தான் தெரியும். படம் போட்டால் அடியில் "பத்து விநாடி திறந்து எடுத்தது" என்று எழுதுங்கள்.

பிறகு, எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பது. துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாகத்தான் இந்த ஒளி எரிகிறது. புயல் வலுக்க வலுக்க வளையம் விரியும். பச்சை நிறம் ஆக்ஸிஜன் அணுக்கள் தருவது, 100 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல். சிவப்பும் அதே ஆக்ஸிஜன்தான், ஆனால் 200 கிலோமீட்டருக்கும் மேலே. சிவப்பை உமிழ அந்த அணு கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் யாரும் இடிக்காமல் இருக்க வேண்டும். கீழே நெரிசல், அதற்குள் யாராவது இடித்துவிடுவார்கள். அதனால்தான் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பூமியின் வளைவு பச்சையை மறைத்துவிட்டு, மேலே இருக்கும் சிவப்பை மட்டும் அடிவானத்தில் காட்டுகிறது. 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் பதிந்தது அந்தச் சிவப்புத்தான். "பச்சைத் திரை ஆடும்" என்று எல்லாருக்கும் ஒரே வாக்குறுதி கொடுக்காதீர்கள். இருட்டான இடம், துருவப் பக்கத்து அடிவானம், நள்ளிரவுக்கு முன்னும் பின்னும், நிலா இல்லாத வானம். இவ்வளவும் சேர்ந்தால் ஒரு வாய்ப்பு. அந்த மே 10 அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். அது எத்தனை பேருக்கு உதவியது என்பதை அதன்பின் நிலா வெளிச்சத்தில் பார்க்க முயன்று தோற்றபோதுதான் உணர்ந்தேன்.

சூரியனின் படங்களும் அப்படித்தான். தங்க நிறம், பச்சை நிறம், ஊதா எல்லாம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளிக்கு நாம் பூசிய சாயம். "நிறம் செயற்கை" என்று இரண்டு சொல் போதும்.

அன்றைய என் செய்தியை இப்போது எழுதினால், தேதி வரிக்குக் கீழே இப்படி இருக்கும்:

"சூரியனின் விளிம்பில் இன்று காலை ஒரு பெரிய வெடிப்பு. அதன் ஒளி வந்துபோய்விட்டது. பகலாக இருந்த இடங்களில் சிற்றலை வானொலி சிறிது நேரம் மங்கியது. பிளாஸ்மா மேகமும் கிளம்பியிருக்கிறது, ஆனால் பக்கவாட்டில். நம்மீது படும் வாய்ப்பு குறைவு. நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மாற்றம் இருந்தால் நாளை மாலை எழுதுகிறேன்."

சுவாரசியம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். இதைப் பத்துப் பேர்கூட மற்றவர்களுக்கு அனுப்பமாட்டார்கள். பரவாயில்லை. "நாளை மாலை எழுதுகிறேன்" என்ற வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். எழுதினால் எழுதியே ஆக வேண்டும், ஒன்றும் நடக்கவில்லை என்றாலும். "நேற்று சொன்னது வரவில்லை, காந்தப்புலம் வடக்கே திரும்பியிருந்தது" என்ற மறுநாள் செய்திக்குத்தான் எனக்கு நல்ல கேள்விகள் வருகின்றன.

படிப்பவர்களிடம் வேலையும் வாங்குங்கள். துருவ ஒளி தெரிந்தது எங்கே, எத்தனை மணிக்கு, என்ன நிறம், எந்தத் திசை என்று கேட்டுக் குறித்துவையுங்கள். எதுவும் தெரியவில்லை என்பதும் தகவல்தான். அரோராசாரஸ் என்ற திட்டம் பொதுமக்களிடமிருந்து இதைத்தான் திரட்டுகிறது. ஸ்டீவ் என்று இன்று அறியப்படும் ஊதா நிற ஒளிக்கோடு அறிவியல் உலகின் கவனத்துக்கு வந்ததே கனடாவின் ஆல்பர்ட்டாவில் இரவெல்லாம் படம் எடுத்துத் திரிந்த ஆர்வலர்களால். பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம், ஆனால் என்னை அதிகம் படுத்தியது: தேதி. 2024 மே மாதம் நான் "இன்று இரவு" என்று எழுதிய செய்தி அடுத்த ஆண்டும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தையே அதை எனக்கு அனுப்பி, "இது நெசமாடா, யாரோ அனுப்பியிருக்காங்க" என்று கேட்டார். என் எழுத்துத்தான், என் எழுத்துப் பிழையோடு. இப்போது "இன்று", "நாளை" என்று தனியாக எழுதுவதில்லை. முதல் வரியில் கிழமையும் தேதியும் ஆண்டும், அதோடு "இந்தச் செய்தி இன்ன தேதி காலை வரைதான் செல்லும்" என்று ஒரு காலாவதி நேரமும். படம் அனுப்பினால் தேதியைப் படத்துக்குள்ளேயே, ஓரத்தில் வெட்டி எடுக்க முடியாதபடி நடுவில் போடுகிறேன்.