தில்லிப் பேரவையில் ஆஸ்பத்திரிப் பேச்சு: படிப்பதும் கேள்வி போடுவதும்

தில்லியில் ‘அரசு ஆஸ்பத்திரி’ என்று சொன்னால் அதற்குக் குறைந்தது நான்கு முதலாளிகள் உண்டு. பேரவையில் நடந்த சுகாதார விவாதத்தைப் படிக்க உட்காருவதற்கு முன்னால், உங்கள் கவலைக்குரிய ஆஸ்பத்திரி யாருடையது என்று பார்த்துவிடுங்கள். பலருடைய மனு திரும்பி வருவது இந்த இடத்தில்தான்.

சஃப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா, லேடி ஹார்டிங், அதோடு சேர்ந்த கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை ஆகியவை மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருபவை. எய்ம்ஸ் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த தன்னாட்சி நிறுவனம். லோக் நாயக், ஜி.பி. பந்த், தில்ஷாத் கார்டனில் உள்ள குரு தேக் பகதூர், ஹரி நகரின் தீன்தயாள் உபாத்யாய், கிச்சடிபூரின் லால் பகதூர் சாஸ்திரி, ரோகிணியின் பாபாசாகேப் அம்பேத்கர் ஆகியவை தில்லி அரசினுடையவை. ஹிந்து ராவ், கஸ்தூர்பா, சுவாமி தயானந்த் மூன்றும் மாநகராட்சிக்குச் சொந்தம். மோதி பாக் சரக் பாலிகா, புது தில்லி நகராட்சி மன்றமான என்.டி.எம்.சி.க்கு. இவை போக இ.எஸ்.ஐ., ரயில்வே, கன்டோன்மென்ட் என்று தனிக் கணக்குகளும் உண்டு.

பேரவையில் சுகாதார அமைச்சர் நேரடியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டது தில்லி அரசின் ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும். ஆர்.கே. புரத்தில் சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டம்) டிஸ்பென்சரியில் மருந்து வரவில்லை என்றால் உங்கள் எம்.எல்.ஏ.வைப் பிடித்துப் பயனில்லை. அது மத்திய அரசின் திட்டம். அதைக் கேட்க வேண்டியவர் எம்.பி. இங்கே தில்லித் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: சஃப்தர்ஜங் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்கத் தில்லி எம்.பி.தான் வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் எந்த எம்.பி.யும் கேட்கலாம். அவர்களில் பலர் குடியிருப்பது நார்த் அவென்யூ, சவுத் அவென்யூவில். ஆனால் அதே எம்.பி.யிடம் லோக் நாயக்கில் ஸ்கேன் தாமதம் பற்றிக் கொடுத்தால், ‘இது தில்லி அரசைச் சேர்ந்தது’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும்.

பேரவையின் எல்லை

1991-ல் வந்த 69-ஆவது அரசமைப்புத் திருத்தம்தான் 239ஏஏ பிரிவைச் சேர்த்து, 70 உறுப்பினர் கொண்ட இந்தப் பேரவைக்கு வழி செய்தது. மாநிலப் பட்டியலில் பொது ஒழுங்கு, காவல், நிலம் மூன்றும் இதன் கைக்கு வெளியே. பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் உள்ளே. கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் சுகாதாரக் கேள்வி ஒன்று அடிக்கடி வேலியைத் தாண்டிவிடும். புதிய ஆஸ்பத்திரிக்கு இடம் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் அது நிலம், தில்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ.வின் சமாச்சாரம். மூத்த அதிகாரிகளை மாற்றுவது பற்றிக் கேட்டால், தில்லி அரசுச் சட்டத்தில் வந்த 2023 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பரிந்துரை தேசியத் தலைநகர் குடிமைப்பணி ஆணையத்திடம். முதல்வர் அதன் தலைவர் என்றாலும் கடைசிச் சொல் துணைநிலை ஆளுநருடையது. அதே சட்டத்தின் 2021 திருத்தமோ, பேரவையும் அதன் குழுக்களும் அன்றாட நிர்வாகத்தைப் பரிசீலிக்கவோ நிர்வாக முடிவுகளை விசாரிக்கவோ விதி செய்துகொள்ள முடியாது என்று கையைக் கட்டியது. ஆகவே ‘குழு போட்டு விசாரிப்போம்’ என்று அவையில் யாராவது முழங்கினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதைப் படிப்பது, எதைத் தாண்டுவது

தில்லிப் பேரவையின் கூட்டத்தொடர்கள் குட்டையானவை. பட்ஜெட் தொடர் வழக்கமாக மார்ச்சை ஒட்டி வரும். அன்றன்றைய நிகழ்ச்சி நிரலை ‘கார்ய சூச்சி’ என்ற பெயரில் போடுவார்கள். நாளைத் தொடங்க வேண்டியது அதிலிருந்துதான். அவை பேசுவது பெரும்பாலும் இந்தி. காதுக்கு இந்தி பழகி, எழுத்து மட்டும் தடுமாறுகிறவர்கள் அவையின் காணொளிப் பதிவை ஓடவிட்டபடி அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பைப் பார்த்தால் சுலபம். குறிப்பு பிடிஎஃபில் தேடல் சிக்கவில்லை என்றால் மிரள வேண்டாம். பழைய எழுத்துருவில் ஏற்றியிருப்பார்கள். பொருளடக்கத்திலிருந்து பக்க எண்ணைப் பிடித்துப் போங்கள்.

சுகாதாரம் அவைக்குள் வருவதற்கு ஐந்தாறு வாசல் உண்டு; எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. விதி 280-இன் கீழ் வரும் சிறப்புக் குறிப்பு, உறுப்பினர் தன் தொகுதிக் குறையைச் சொல்லிவிட்டு உட்காருவது. அமைச்சர் அங்கேயே பதில் தந்தாக வேண்டியதில்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களில் பல இந்த வகை. விதி 54 கவன ஈர்ப்பு கொஞ்சம் கனமானது. அமைச்சர் அறிக்கை தர வேண்டிவரும். விதி 55 குறுகிய கால விவாதத்தில் எல்லாக் கட்சியும் பேசும், ஓட்டெடுப்பு இராது. ஆம் ஆத்மி அரசு தொடங்கிய மொஹல்லா கிளினிக்கா, மத்தியத் திட்டமான ஆரோக்கிய மந்திரா என்ற மல்லுக்கட்டு நடப்பது பெரும்பாலும் இங்கே. பொழுதுபோக்குக்குக் குறைவிருக்காது, எண்கள் கிடைப்பது அபூர்வம்.

எண்கள் இருப்பது வினா-விடையில். நட்சத்திரக் குறியிட்ட வினா (தாராங்கித்) வாய்மொழிப் பதிலுக்கு. அதற்குத் துணைக்கேள்வி கேட்கலாம். குறியிடாதது (அதாராங்கித்) எழுத்துப் பதிலுக்கு. வினா நேரம் கூச்சலில் கரைந்துபோனாலும் வருத்தப்பட வேண்டாம்: வாய்மொழிக்கு வராத வினாக்களின் பதிலும் எழுத்தில் மேசைமேல் வைக்கப்படும். செய்தியாளர்கள் கூச்சலோடு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் அந்தத் தாளுக்காகக் காத்திருங்கள். குறிப்பாக இணைப்பு அட்டவணை. பதிலின் உடம்பில் ‘ஆம், விவரம் இணைப்பில்’ என்று மட்டும் இருக்கும். சரக்கு முழுக்க இணைப்பில்.

பதிலில் ஒளிந்திருப்பவை

அமைச்சரின் பதிலைத் துறைதான் தயாரிக்கிறது. பொய் சொல்வது அவையின் உரிமை மீறலாகிவிடும் என்பதால் பொய் இருக்காது, ஒளிப்பு இருக்கும். படுக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அனுமதிக்கப்பட்ட படுக்கை’, ‘செயல்பாட்டில் உள்ள படுக்கை’ இரண்டும் வேறு வேறு எண். கேள்வியில் எது என்று சொல்லாவிட்டால் பெரிய எண் வரும். பணியிடத்திலும் இதே கதை: ஒப்பந்தப் பணியாளரை நிரம்பிய இடமாகக் காட்டிவிடலாம். வென்டிலேட்டர் எத்தனை என்று கேட்டால் ஸ்டோர் ரிஜிஸ்டரில் உள்ளது அத்தனையும் வரும், பழுதாகி மூலையில் கிடப்பதும் சேர்த்து. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்ற வரிக்குத் தேதி இல்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று வந்தால் வினா எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள், பின்னால் ஆர்.டி.ஐ.யில் (தகவல் அறியும் உரிமை மனுவில்) பயன்படும்.

ஒரு பதிலை மட்டும் படித்து முடிவுக்கு வர வேண்டாம். அதே ஆஸ்பத்திரி பற்றி முந்தைய கூட்டத்தொடரில் வந்த பதிலைப் பக்கத்தில் வைத்து, ‘இந்தத் தேதி நிலவரப்படி’ என்ற வரியை ஒப்பிடுங்கள். காலிப் பணியிடம் குறைந்ததாகத் தெரிந்து, அனுமதிக்கப்பட்ட மொத்தமும் சேர்ந்து குறைந்திருந்தால், ஆள் எடுக்கவில்லை, இடத்தை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பட்ஜெட்டும் தணிக்கையும்

2025 மார்ச் 25 அன்று வைத்த 2025-26 பட்ஜெட் மொத்தம் 1 லட்சம் கோடி ரூபாய். அதில் சுகாதாரத்துக்கு 12,893 கோடி. பட்ஜெட் உரையின் எண்ணோடு நிற்காமல் துறைவாரியாகச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகத்துக்குப் போங்கள். 2210 என்ற தலைப்பில் மருத்துவம், பொது சுகாதாரத்தின் நடப்புச் செலவு. 4210-இல் மூலதனச் செலவு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு நெடுவரிசை இருக்கும்: இரண்டு வருடத்துக்கு முந்தைய உண்மைச் செலவு, நடப்பாண்டு மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. மதிப்பீட்டையும் உண்மைச் செலவையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டு வருடப் பழைய புத்தகத்தையும் திறக்க வேண்டும். அதே ஆண்டின் இரண்டு எண்ணும் ஒரே புத்தகத்தில் கிடைக்காது. அரைகுறையாக நிற்கும் ஆஸ்பத்திரிக் கட்டடமா? கட்டுவது பொதுப்பணித் துறை. சுகாதாரத் துறைக் கேள்வியில் விடை முழுசாக வராது, இரண்டு அமைச்சருக்கும் தனித்தனியே போட வேண்டும்.

அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் சுகாதாரத் தணிக்கை அறிக்கை 2025 பிப்ரவரி 28 அன்று பேரவையில் வைக்கப்பட்டது. 27 ஆஸ்பத்திரிகளில் 14-இல் ஐ.சி.யு. இல்லை, 16-இல் ரத்த வங்கி இல்லை, 12-இல் ஆம்புலன்ஸ் இல்லை என்பதும், பட்ஜெட்டுகளில் அறிவித்த 32,000 புதுப் படுக்கைகளில் 1,357 மட்டுமே வந்தன என்பதும் அதில் உள்ளவை. இவற்றை மேற்கோள் காட்டுகிறவர்கள் செய்கிற தவறு, இன்றைய நிலவரம்போல எழுதுவது. தணிக்கை பார்த்தது முக்கியமாக 2016-17 முதல் 2021-22 வரையிலான காலம். அந்த எண்ணை ஆரம்பப் புள்ளியாக வைத்து ‘இன்று எவ்வளவு’ என்று கேளுங்கள். அதுதான் அமைச்சருக்குச் சங்கடமான கேள்வி. அறிக்கை மேசைக்கு வந்தபின் பொதுக்கணக்குக் குழுவுக்குப் போகும். எடுத்த நடவடிக்கை பற்றித் துறை தரும் குறிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் தொலைக்காட்சிகள் இதை மறந்துவிடும்.

உங்கள் கேள்வியை அவைக்கு அனுப்புவது

எம்.எல்.ஏ. யார் என்பதை வாக்காளர் பட்டியலில் சரிபாருங்கள். மயூர் விஹார் முழுக்க ஒரே தொகுதி அல்ல. ஃபேஸ் மாறினால் எம்.எல்.ஏ.வும் மாறலாம். தமிழர்கள் குடிசை போட்டிருந்த ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டு நரேலா போனவர்கள் வாக்காளர் முகவரியையும் மாற்றிக்கொள்வது நல்லது. அவர்களுக்கு இப்போது பக்கத்து ஆஸ்பத்திரி சத்யவாதி ராஜா ஹரிச்சந்திரா. தில்லி அரசினுடையது, எனவே பேரவைக் கேள்விக்கு உரியது. அதைக் கேட்க நரேலா உறுப்பினருக்குத்தான் அக்கறை இருக்கும்.

எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நான்கு பக்கப் புகார் கொண்டுபோகாதீர்கள். வினா வடிவிலேயே, ஒரே தாளில், இந்தியில் கொடுங்கள். வாதம், குற்றச்சாட்டு, ‘ஏன் மக்கள் அவதிப்படுகிறார்கள்’ போன்ற தொனி இருந்தால் பேரவைச் செயலகம் தள்ளிவிடும். நீதிமன்றத்தில் உள்ள விஷயமும் தள்ளுபடி. இந்த மாதிரி அமையட்டும்:

‘சுகாதார அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) இன்ன மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர், லேப் டெக்னீசியன் பணியிடங்கள் எத்தனை, 31 மார்ச் அன்று நிரந்தரமாக நிரம்பியவை எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை, (ஆ) அங்குள்ள வென்டிலேட்டர்களில் அந்தத் தேதியில் இயங்கியவை எத்தனை, இயங்காதவை எந்தத் தேதியிலிருந்து, (இ) அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அன்று கையிருப்பில் இல்லாதவை எவை, (ஈ) மத்தியக் கொள்முதல் முகமைக்கு அவற்றுக்கான தேவைப் பட்டியல் அனுப்பிய தேதி எது?’

(ஈ)-யை விட்டுவிடாதீர்கள். பெயரில் ‘மத்திய’ இருந்தாலும் அந்த முகமை தில்லி அரசினுடையது, அதன் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவது. மருந்து இல்லை என்பதற்கு ஆஸ்பத்திரி கொள்முதல் முகமையைக் கைகாட்டும், முகமை ஆஸ்பத்திரியைக் கைகாட்டும். அனுப்பிய தேதி எழுத்தில் வந்தால் யார் தாமதம் என்பது தெரிந்துபோகும். ஒரே வினாவில் மூன்று ஆஸ்பத்திரியை அடைத்தால் ‘தகவல் திரட்டப்படுகிறது’தான் மிஞ்சும். தொடர் அறிவித்த பிறகு ஓடினால் நோட்டீஸ் கெடு தாண்டிவிடும். தாள் முன்கூட்டியே எம்.எல்.ஏ.வின் உதவியாளர் கையில் இருக்க வேண்டும். எம்.எல்.ஏ.வை விட உதவியாளரின் கைபேசி எண் முக்கியம்.

உங்கள் வினா பட்டியலில் வந்துவிட்டால் நேரில் போய்ப் பார்க்கலாம். பார்வையாளர் அனுமதிச் சீட்டு எம்.எல்.ஏ. வழியாக, அடையாள அட்டை கட்டாயம். மஞ்சள் லைனில் விதான் சபா ஸ்டேஷனில் இறங்கிப் பழைய தலைமைச் செயலகம் என்று கேட்டால் போதும்.

எம்.எல்.ஏ. கைவிரித்தால், அல்லது பதில் அரைகுறை என்றால், அதே தாளை ஆர்.டி.ஐ. ஆக்குங்கள், பதிவேட்டில் உள்ளதைக் கேட்கும் வடிவில் இருப்பதால் திருத்தம் அதிகம் தேவைப்படாது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். வினா எண்ணைக் குறிப்பிட்டு, ‘இந்த வினாவுக்கான பதிலையும், அதைத் தயாரித்த கோப்பின் நகலையும்’ என்று கேளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு அதே துறையில். அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் இரண்டாவது. தில்லிக்குத் தனியாக மாநிலத் தகவல் ஆணையம் இல்லாததால் இரண்டாவது மனு போவது மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. அது இருப்பது முனிர்க்காவில், பாபா கங்கநாத் மார்கில், ஆர்.கே. புரத்துக்காரர்களுக்குப் பக்கத்துத் தெருக் கணக்கு.