சாண எரிவாயுத் தொட்டி கட்ட முன்: திருகோணமலைக் கிராமங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022இல் காஸ் சிலிண்டருக்காக விடியமுன் வரிசையில் நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டில் மாடு நிற்கும்போது காஸையும் வீட்டிலேயே எடுத்தால் என்ன என்று யோசிப்பது நல்ல யோசனைதான். எங்கள் வெயிலும் அதற்குத் தோதானது. மூடிய தொட்டிக்குள் சாணத்தை நொதிக்க வைத்து எரிவாயுவாக்கும் நுண்ணுயிர்கள் 30 முதல் 35 பாகை வெப்பத்தில் சுறுசுறுப்பாக இயங்கும். ஆனால் தொட்டியைப் பற்றி யோசிக்கிற அளவுக்கு, நாளாந்தம் அதற்குள் போடப்போகும் சாணத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எத்தனை மாடு என்று எண்ணுவதுதான் முதல் தவறு. காலையில் கையில் எத்தனை வாளி சாணம் சேருகிறது என்பதைத்தான் எண்ண வேண்டும். கொட்டிலில் கட்டி வளர்க்கும் மாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ ஈரச்சாணம் போடும். பகலெல்லாம் மேய்ந்துவிட்டு இரவில் வந்து அடையும் நாட்டு மாட்டிடம் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஒரு கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ 35 முதல் 40 லீற்றர் வரை எரிவாயு வரும். நாலைந்து பேர் உள்ள வீட்டில் மூன்று வேளையும் சமைக்க 1,500 முதல் 2,000 லீற்றர் வரை வேண்டும். அதாவது தினமும் 40 கிலோவுக்குக் குறையாத சாணம். கட்டி வளர்க்கும் மாடென்றால் நாலு, ஐந்து. இரவில் மட்டும் அடைபவை என்றால் எட்டு, பத்து.

மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கத்துப் பட்டிக்காரருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்போகம் விதைத்ததும் பட்டி வயலோரத்தை விட்டுக் காட்டோரத்துக்குப் போய்விடும். ஐம்பது மாடு வைத்திருப்பவர் வளவிலும் அந்த மாதங்களில் ஒரு வாளி சாணம் இராது. தீனி நின்றால் தொட்டியும் அடங்கிவிடும், மறுபடி எழுப்ப வாரக்கணக்கில் ஆகும். அதனால் பட்டியைக் கணக்கில் எடுக்காமல், பாலுக்காக வீட்டோடு நிற்கும் இரண்டு மூன்று பசுக்களின் சாணத்துக்கு ஏற்றபடி சின்னதாகக் கட்டுவதே என் அபிப்பிராயம். 15 கிலோ சாணம் கிடைத்தால் ஓர் அடுப்பு ஒன்றரை மணித்தியாலமாவது எரியும். தேநீருக்கும் ஒரு கறிக்கும் அது போதும், மீதிக்கு விறகு இருக்கிறது. பெரிய தொட்டி கட்டினால் கூடக் காஸ் வரும் என்று நம்பிச் செலவழிப்பவர்கள் சீமெந்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். சாணம் கூடாமல் காஸ் கூடாது.

இடம் பார்க்கும்போது மழைக்காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆவணியில் காய்ந்து கிடக்கும் நிலம் மார்கழியில் எப்படி இருக்கும்? கடலோர மணல் நிலத்தில் மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். ஆழமாய்ப் புதைத்த தொட்டியை அந்த நீர் கீழிருந்து தள்ளும், சுவரில் வெடிப்பும் விழ வைக்கும். மகாவலி கடலில் சேரும் மூதூர், வெருகல் பகுதிகளில் 2011 வெள்ளம் எதுவரை வந்தது என்பது அந்தந்த ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், அவர்களிடம் கேட்டுவிட்டே கிடங்கு வெட்டுங்கள். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும். ஆனால் குசினியை விட்டு மிகவும் தள்ளிப் போகக் கூடாது, தூரம் கூடினால் அடுப்புக்கு வரும் அழுத்தம் குறையும். வெளிவரும் கழிவுக் குழம்பு கத்தரிக்கும் மிளகாய்க்கும் அருமையான பசளை. அதை வாய்க்காலில் ஓட விடுபவர்கள் பாதி வரும்படியை இழக்கிறார்கள்.

தீனி போடுவதில் மணல்தான் பெரிய எதிரி. மணல் தரையில் சுரண்டி அள்ளிய சாணத்தோடு மணலும் போய் அடியில் இறுகிவிடும். மாடு கட்டும் இடத்துக்கு ஒரு சீமெந்துத் தரை போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் கலந்து, கட்டியில்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். உவர்க் கிணற்று நீர் நொதிப்பை மந்தமாக்கும். சவர்க்கார நீர், கிருமிநாசினி, மருந்து ஏற்றிய மாட்டின் சாணம் மூன்றும் கூடவே கூடாது. நீள வைக்கோல் மேலே மிதந்து பாளம் கட்டும். மிச்சச் சோறு, மீன் கழுவிய கழிவு கொஞ்சம் போடலாம், அளவு மிஞ்சினால் உள்ளே புளித்துக் காஸே நின்றுவிடும்.

கடையில் வாங்கிய காஸ் அடுப்பை அப்படியே இணைப்பதும் அடிக்கடி நடக்கிறது. சாண எரிவாயுவில் மீதேன் 60 வீதமளவுதான், மீதியில் பெரும்பகுதி எரியாத காபனீரொட்சைட்டு. அந்த அடுப்பில் காஸ் வெளிவரும் துளை இதற்குப் போதாது. இதற்கென்றே செய்த அடுப்பு வேண்டும், அல்லது துளையைப் பெரிதாக்க வேண்டும். குழாயின் தாழ்ந்த இடத்தில் தேங்கும் நீரை வடிக்க ஒரு வழியும் வையுங்கள்.

இனிச் சொல்வது உயிரோடு சம்பந்தப்பட்டது. கசிவு பார்க்க நெருப்புக்குச்சி பற்ற வைக்காதீர்கள், சவர்க்கார நுரை பூசினால் குமிழி காட்டிக் கொடுக்கும். தொட்டியைத் துப்புரவாக்கவென்று யாரும் உள்ளே இறங்கக் கூடாது, ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற என்று மற்றவரும் குதிக்கக் கூடாது. உள்ளே ஒட்சிசன் இராது, ஐதரசன் சல்பைட்டு நச்சு வாயுவும் நிற்கும். ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடலாம்.

மாடில்லாத வீடுகளுக்கு விறகே நல்ல எரிபொருள், அதை ஈரமாக எரிப்பதுதான் பிழை. பச்சை விறகின் நிறையில் பாதியளவு தண்ணீர். அதை ஆவியாக்கவே நெருப்பு செலவாகி, மிச்சம் புகையாகப் பெண்களின் நெஞ்சுக்குள் போகிறது. மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பத்திலொரு பங்குதான் பானையைச் சேரும், அனகி எனப்படும் மேம்படுத்திய இரட்டை வாய் மண் அடுப்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சேரும். தம்பலகாமம், கந்தளாய் ஆலைகளின் உமி மலிவானதுதான், ஆனால் சாதாரண அடுப்பில் கொட்டினால் மூச்சு முட்டும். அதற்கு உமி அடுப்பு தனி.

விறகுக்காகக் கண்டலை வெட்ட வேண்டாம். மீன் குஞ்சுகள் வளர்வதும் கரை அரிக்காமல் நிற்பதும் அதனால்தான். வேலியோரம் சீமைக்கிளுவைத் தடி நட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும், இலை ஆட்டுக்கும் பசளைக்கும் ஆகும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் அரசு அறிவித்ததும் இதைத்தான். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் கிளைகளை வெட்டிப் பிளந்து, காற்றுப் புகும்படி அடுக்கிக் கூரை போட்டுவிட்டால், ஐப்பசி மழை தொடங்கும்போது காய்ந்த விறகு கையிலிருக்கும்.