மருத்துவர் எழுதிய ஊட்டப் பவுடருக்குப் பதில் வேறொன்றைக் கொடுத்துவிட்டால்

பீனைல்கீட்டோனூரியா (புரதத்தில் உள்ள பீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடலால் சிதைக்க முடியாத பிறவிக் குறைபாடு) உள்ள குழந்தைக்கான அமினோ அமிலப் பவுடர், பசும்பால் புரத ஒவ்வாமைக்கான பால்மாவு, சிறுநீரக நோயாளிக்கான புரதம் குறைந்த பவுடர் போன்றவை ராமநாதபுரம் மாவட்டத்தின் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், சாயல்குடி மெடிக்கல்களில் எப்போதும் இருப்பு இருக்காது. சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் "இதுவும் அதேதான், கம்பெனி மட்டும் வேற" என்று வேறு டின் கைக்கு வந்துவிடுகிறது.

மாறிப்போனது தெரிந்ததும் முதலில் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ போனில் பிடியுங்கள். நீங்களாகவே எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் கஞ்சித் தண்ணீரில் விடாதீர்கள். வளர்சிதை மாற்றக் குறைபாடுள்ள குழந்தை பட்டினி கிடந்தால் உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கும்; ரத்தத்தில் பீனைல்அலனைன் அதனாலும் ஏறும்.

அடுத்து, இரண்டு டின்களின் சத்து அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஏமாறுவோம். 100 கிலோ கலோரிக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். சிறுநீரக நோயாளி என்றால் புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ், சோடியம். டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதம் குறைந்த டின், டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடிய டின். இரண்டுக்கும் பெயரும் அட்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதுண்டு. ஒவ்வாமைக் குழந்தைக்கு "லாக்டோஸ் இல்லாதது" மாற்றே அல்ல. அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரைதான் இல்லை, ஒவ்வாமை தரும் பால் புரதம் அப்படியே இருக்கும். அளவுக் கரண்டியும் டின்னுக்கு டின் வேறு. பழைய கரண்டியில் புதிய பவுடரை அளந்தால் அதிலும் தவறு சேரும்.

பலர் புகாரை எடுத்துக்கொண்டு மருந்து ஆய்வாளரிடம் போய் அலைகிறார்கள். சட்டப்படி இவை மருந்து அல்ல, உணவு. சீட்டில் உள்ள அட்டவணை எச் மருந்துக்கு (மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடியது) பதில் வேறு மருந்து தரக் கூடாது என்ற மருந்து விதி இவற்றுக்குப் பொருந்தாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, அதன் கீழ் 2016இல் வந்த ஒழுங்குமுறைகள், குழந்தை உணவுக்கு 2020இன் ஒழுங்குமுறைகள் ஆகியவைதான் பொருந்தும். இந்தச் சட்டத்தின் 50ஆம் பிரிவை மனுவில் பெயர் சொல்லி எழுதுங்கள்: வாங்குபவர் கேட்ட தன்மையிலோ தரத்திலோ இல்லாத உணவை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். புகார் போக வேண்டியது ராமநாதபுரம் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு. அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. உடல்நலக் கேடு நேர்ந்திருந்தால் 65ஆம் பிரிவின் இழப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்: கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்றக் காயத்துக்கு 1 லட்சம் வரை, இறப்புக்கு 5 லட்சத்துக்குக் குறையாமல்.

டின்னைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டால் வழக்கின் பாதி போய்விடும். அட்டை, பேட்ச் எண், காலாவதித் தேதி, அடியில் மிஞ்சிய பவுடர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். உப்புக்காற்றில் திறந்த பவுடர் சீக்கிரம் கட்டிபிடிக்கும். "நீங்கள் சரியாக வைக்கவில்லை" என்று எதிர்த்தரப்பு சொல்ல அது போதும். அதனால் அதே பேட்சில் பிரிக்காத டின் ஒன்று கைவசம் இருப்பது பெரும் பலம். ரசீது தர மறுப்பது நுகர்வோர் சட்டப்படியே முறையற்ற வணிகம். கடையோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். மருத்துவரிடம் "நான் என்ன எழுதினேன், ஏன் அதைத்தான் எழுதினேன், மாற்றியதால் என்ன ஆனது" என்று மூன்று வரியில் கடிதம் வாங்குங்கள். மாறுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தப் பரிசோதனைகள், குழந்தையின் எடை அட்டை இரண்டும் தேதியோடு வேண்டும். சேதத்தை நிரூபிப்பவை இவைதான். பல மனுக்கள் இங்கேதான் சறுக்குகின்றன. தனியார் மருத்துவமனைக்குள்ளேயே மாறியிருந்தால் சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

ஆய்வகச் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. சீட்டில் ஒரு பெயர், பில்லில் வேறு பெயர் என்றால் காகிதமே சாட்சி. அட்டையில் சொன்னது உள்ளே இல்லை என்ற சந்தேகத்துக்குத்தான் சோதனை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி நீங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் "சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அறிக்கை குற்றத்தை உறுதி செய்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

முழு இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள், 15 நாள் கெடு வைத்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டாயமில்லை, ஆனால் பலருக்கு இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் புகார் மனு, பிரமாணப் பத்திரம், ஆவணப் பட்டியலோடு தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் வர வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. டின்னை மதுரையில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வரவழைத்திருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டமான ராமநாதபுரத்திலேயே வழக்குப் போடலாம். காணொலி விசாரணையும் கேட்கலாம். மண்டபம், ராமேசுவரத்திலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை. சரியான டின்னைத் தொடர்ந்து தர இடைக்கால உத்தரவையும் மனுவோடு சேர்த்தே கேட்க மறக்காதீர்கள். குழந்தைக்கு அதுதான் அவசரம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியலினத்தவருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும், 15100க்கு அழைக்கலாம்.

எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையில் மாற்றிக் கொடுத்திருந்தால் நுகர்வோர் வழக்கு நிற்காது. 1995இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் சொன்னது அது. அங்கே ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மனு, முதல்வர் உதவி எண் 1100 ஆகியவற்றின் வழியே போங்கள். அடுத்த சீட்டில் பொருளின் முழுப்பெயர், தயாரிப்பாளர், வயது நிலை, ஒரு நாளைக்கு எத்தனை கிராம், "மாற்றித் தர வேண்டாம், இல்லையென்றால் எனக்குப் போன் செய்யவும்" என்று மருத்துவரையே எழுதச் சொல்லுங்கள்.