மதுரை வெயிலிலும் இன்ஜின் சூடேறவில்லையா? பழைய எம்பிஎஃப்ஐ காரை நாமே சோதிக்கும் முறை

மதுரையில் "என் கார் சூடேற மாட்டேங்குது" என்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே எல்லோருக்கும் பயம் ஓவர்ஹீட்தான். அந்தப் பயத்தில்தான் பழைய கார்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டையே (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை, இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றிவிடுகிறார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார், எடுத்துட்டா ஹீட்டே ஆகாது" என்பார்கள். ஹீட் ஆகாதுதான். தொல்லையே அங்குதான் ஆரம்பிக்கிறது.

கார்புரேட்டர் வண்டியில், குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கிடைக்க காலையில் சோக்கை நாம் இழுத்தோம். பழைய ஸென், சான்ட்ரோ, வேகன் ஆர் போன்ற எம்பிஎஃப்ஐ கார்களில் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் கார்கள்) அந்த வேலையை ஈசியு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், பார்க்கிறது. கூலன்டின் சூட்டை அளக்கும் சென்சார் "இன்னும் குளிர்ச்சி" என்று சொல்லும்வரை பெட்ரோலைக் கூட்டியே கொடுக்கும். விளைவு: மைலேஜ் குறையும், ஐடில் ஏறியே இருக்கும், பிளக் கரி பிடிக்கும், சைலன்ஸரில் பெட்ரோல் வாடை வரும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்குவதுதான் இதில் மோசம்.

எனவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான். இன்ஜின் நிஜமாகவே சூடேறவில்லையா, இல்லை சூடான இன்ஜினைக் குளிர்ந்தது என்று சென்சார் பொய் சொல்கிறதா?

1. கையால் ஒரு சோதனை

ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஏசி போடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டருக்கு மேலே வந்து சேரும் தடித்த ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஃபேன் சொல்லாமல் சுற்றும். கை, துண்டு, துப்பட்டா எல்லாம் தள்ளியே இருக்கட்டும். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் ஹோஸ் சில நிமிடம் ஆறியே இருந்து, அப்புறம் சட்டென்று சுடும். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது உள்ளே இல்லவே இல்லை. சில கார்களில் அது கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அப்படியானால் கீழ் ஹோஸைப் பாருங்கள்.

2. ஓட்டிப் பாருங்கள்

சிக்னலே இல்லாத நீண்ட சாலை வேண்டும். 2023இல் திறந்த நத்தம் ரோடு பறக்கும் பாலம் இதற்கு வசதி; 7 கிலோமீட்டருக்கு மேல் ஒரே சீராகப் போகலாம். கோரிப்பாளையம் நெரிசலில் மேலே ஏறிய டெம்பரேச்சர் மீட்டர் முள், பாலத்தில் காற்று வாங்கியதும் கீழே விழுகிறதா? சந்தேகமே வேண்டாம், தெர்மோஸ்டாட்தான்.

"ஃபேனை டைரக்டா கொடுத்திருக்கு, அதனாலதான்" என்று சிலர் சொல்வார்கள்; அதாவது சூடு பார்க்காமல் எப்போதும் சுற்றும்படி ஃபேனுக்கு வயர் கொடுத்திருப்பது. பாதி உண்மை. தெர்மோஸ்டாட் சரியாக மூடியிருந்தால் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் இன்ஜின் சூடேறிவிடும். இரண்டும் சேர்ந்தால் வண்டி இன்னும் குளிரில் கிடக்கும். ஆனாலும் அந்த டைரக்ட் வயரிங்கை எடுத்துவிடுவது நல்லது.

3. சென்சார்

ஹோஸ் நன்றாகச் சுடுகிறது, முள்ளும் சரியான இடத்தில் நிற்கிறது, ஆனால் மைலேஜ் மட்டும் போச்சு என்றால் சென்சாரைப் பாருங்கள். பல பழைய கார்களில் மீட்டருக்குத் தனி சென்சார், ஈசியுவுக்குத் தனி சென்சார். முள் சரியாகக் காட்டுவதால் ஈசியுவுக்கும் சரியான தகவல் போகிறது என்று அர்த்தமில்லை.

இக்னிஷனை ஆஃப் செய்து, ஈசியு சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து சென்சாரின் இரண்டு பின்னிலும் வையுங்கள். பெரும்பாலான கார்களில் காலைக் குளிர்ச்சியில் 2,000 ஓம் அளவிலும், இன்ஜின் 80 டிகிரி தொட்டபின் 300 ஓம் அளவிலும் இருக்கும். சூடான பிறகும் ஆயிரத்துக்கு மேலேயே நின்றால் சென்சார் போச்சு. அளவு சரி, ஆனால் பின்னில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கிறதா? அந்தக் களிம்பும் ரெசிஸ்டன்ஸைக் கூட்டி, "குளிர்ச்சி" என்றே ஈசியுவை நம்பவைக்கும். முதலில் சுத்தம் செய்யுங்கள், காசு மிச்சம்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியா? அந்த உப்பு, சென்சார் மேலும் தெர்மோஸ்டாட் மேலும் படிந்திருக்கும்.

4. தெர்மோஸ்டாட்டைக் கழற்றுதல்

இன்ஜின் முழுதாக ஆறியபின் மட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகமே வெந்துவிடும். கழற்றியதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஆறிய நிலையில் இடைவெளி தெரிந்தால் தூக்கிப்போடலாம். சந்தேகமாக இருந்தால் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82, 88 என்று அதன் மேலேயே அடித்திருக்கும். கிட்டத்தட்ட அந்த டிகிரியில்தான் திறக்க வேண்டும். கூலன்ட் விஷம், அந்தப் பாத்திரத்தை அடுப்படிக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

புதியதைப் பூட்டும்போது கேஸ்கட்டும் புதிதாக இருக்கட்டும். சின்ன காற்றுத் துளை இருந்தால் அது மேல்நோக்கி இருக்க வேண்டும். கூலன்டை மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி அடங்கும்வரை விடுங்கள். காற்று உள்ளே தங்கினால் சென்சார் மறுபடி உளறும்.

ஆயில் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, ரிசர்வ் டேங்கில் கூலன்ட் அளவைப் பார்த்துக் குறைந்திருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்.